வக்கீலின் வயிறு

நாலு நாளாக வக்கீல் வெளிக்குப் போகவில்லை.
பெட்டிக்குள் ஏறுகிறான். மணலைக் கிளறுகிறான்.
முதுகை வளைத்துச் சுவரைப் பார்த்தபடி
வாய்தா கேட்பவன்போல் நிற்கிறான்.
பிறகு ஒன்றுமே நடவாத தோரணையில் இறங்கி
என் காலுறையை முகர்ந்துவிட்டுப் போகிறான்.
நேற்று வாந்தி. மஞ்சள் நுரை, அதில் ஒரு முடிக்கற்றை.

வெளியே வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே தரைத் துவாரத்து அனல்காற்று
என் உதட்டையும் அவன் மூக்கையும்
ஒரே மாதிரி வெடிக்கவைக்கிறது.

நான் இரவில் பேருந்து கழுவுகிறேன்.
வசுமதி பகலில் ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறாள்.
அவள் ஆறுக்குக் கிளம்ப, நான் ஆறரைக்கு வருவேன்.
ஒரே கட்டில்.
அவள் விட்டுப்போன சூட்டில் நான் படுப்பேன்.
அக்டோபரில் ஒரு சண்டை.
காரணம் மறந்துவிட்டது.
பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

வக்கீலைக் கூடையில் போட்டு, கூடையைக் கம்பளியில் சுற்றி,
இரண்டு பஸ் மாறிப் போனேன்.
வழி நெடுக வாதாடிக்கொண்டே வந்தான்.

டாக்டர் ஓலேனா முதலில் மூத்திரம் போகிறதா என்று கேட்டாள்.
போகிறது என்றேன்.
அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.
பிறகு அடிவயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு
எக்ஸ்ரே எடுத்தாள்.
முதுகெலும்புக்குக் கீழே, வெள்ளையாய்,
ஒன்றின் பின் ஒன்றாக நாலு நாள்.

"தண்ணீர் குடிக்கிறானா?"
கிண்ணம் வைக்கிறேன்.
"குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?"
இல்லை.
"வீட்டில் வேறு யாராவது?"

அங்கேயே நின்று போன் போட்டேன்.
பத்து வாரத்தில் முதல் போன்.
பின்னால் உலர்த்தும் எந்திரங்களின் இரைச்சல்.
யாருக்கு என்ன ஆச்சு என்றாள்.
வக்கீல் தண்ணி குடிக்கிறானா என்றேன்.

"கிண்ணத்துல வாயே வைக்கமாட்டானே.
பாத்ரூம் குழாய்ல சொட்டுச் சொட்டா நக்குவான்.
அதுக்குத்தானே தினமும்
லேசாத் திறந்து விட்டுட்டுப் போறேன்."

எந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

தினமும் காலை ஆறரைக்கு
பூட்ஸ்கூடக் கழற்றாமல்
நான் செய்யும் முதல் வேலை அந்தக் குழாயை முறுக்கி மூடுவது.
ஒரு சொட்டு விழாதபடி.
அவளுக்குப் பொறுப்பில்லை என்று
பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்களா மூடுனது?"

எனிமா, மருந்து, ஒரு ராத்திரி தங்கல்:
அறுநூற்று நாற்பது டாலர்.
கூடவே ஒரு பாட்டில் இனிப்புச் சிரப்,
ஈரத் தீனி டப்பாக்கள்,
உப்போ மசாலாவோ இல்லாமல் மசித்த பூசணி ஒரு கரண்டி.
வெங்காயம், பூண்டு அவன் பக்கமே போகக்கூடாது.
தினமும் எழுதி வையுங்கள் என்றாள் ஓலேனா,
எத்தனை தரம், எவ்வளவு, கெட்டியா, இளக்கமா.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது.

*புதன், காலை 5.40. இல்லை. சிரப் கொடுத்தேன், பாதி என் கையில்.*
*புதன், மாலை. இல்லை. பூசணியை முகர்ந்து பார்த்து என்னை அவமதித்தான்.*
*வியாழன். கொண்டைக்கடலை அளவு, மூன்று. கறுப்பு.*
*வியாழன் மாலை. எண்ணினேன், நாலு. சோபாவுக்கு அடியில் ஒன்று.*
*வெள்ளி. வாந்தி இல்லை. உங்கள் டிபன் அப்படியே இருக்கிறதே.*
*வெள்ளி மாலை. எனக்கும் வயிறு சரியில்லை.*
*சனி. ரசம் வைத்திருக்கிறேன். அவனுக்கில்லை.*

ஞாயிறு விடிகாலை பெட்டியருகே குந்தியிருந்தேன்.
கையில் சல்லடைக் கரண்டி.
விரல் நீளம். பழுப்பு. வெடிப்பில்லை.
இருபது வருடப் படிப்பில் எந்த மார்க்கும்
இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

அவளுக்கு அன்று விடுமுறை. தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பலாமா என்று யோசித்தேன்.
இதற்காகவா?

எழுப்பினேன்.
முடியை முடிந்துகொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.
"நல்லா இருக்கு" என்றாள்.

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
வக்கீல் தொட்டியின் விளிம்பில் நின்று
கழுத்தைச் சாய்த்து
ஒவ்வொரு சொட்டாக விசாரித்தான்.